பெயரின்றி வந்த நூல்: பெக்காரியாவும் அமெரிக்கப் புரட்சியும்

அமெரிக்கப் புரட்சியின் கருத்து மூலங்களைத் தேடிச் செல்வோர் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஜான் லாக்கிடமும் பிரான்சின் மாண்டெஸ்கியூவிடமும் போய் நின்றுவிடுகின்றனர். மக்களின் இசைவின்றி ஆட்சிக்கு உரிமை இல்லை என்பது லாக்கிடமிருந்தும், அதிகாரங்களைத் தனித்தனியே பிரித்துவைத்தாலன்றிச் சுதந்திரம் நிலைக்காது என்பது மாண்டெஸ்கியூவிடமிருந்தும் பெறப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓர் அரசு தன் குடிமகனைப் பிடித்துச் சிறையிலிடவும் சவுக்கால் அடிக்கவும் தூக்கிலிடவும் எங்கிருந்து உரிமை பெறுகிறது, அந்த உரிமை எந்த எல்லையில் முடிந்துவிடுகிறது என்ற கேள்வியை அமெரிக்கக் குடியேற்றங்களின் வழக்கறிஞர்கள் கூர்மையாகக் கேட்கத் தொடங்கியது, மிலான் நகரத்து இளம் பிரபு ஒருவர் எழுதிய சிறுநூலைப் படித்த பிறகுதான். அவர் பெயர் செசாரே பெக்காரியா. சென்ற பகுதியில் கண்ட பிலிப்போ மாட்சேயி வர்ஜீனியாவில் ஜெஃபர்சனின் தோட்டத்துக்கு அருகிலேயே நிலம் பெற்று, அங்கே திராட்சை பயிரிட்டு, புரட்சியாளர்களோடு புரட்சியாளராகக் கலந்து வாழ்ந்தவர். பெக்காரியாவோ அமெரிக்க மண்ணில் ஒருநாளும் கால் வைக்காதவர். ஆயினும் சட்டங்களில் பதிந்த தடத்தை அளந்து பார்த்தால், அவருடைய தடமே ஆழமானது.

பெக்காரியா 1738 மார்ச் 15-இல் மிலானில் பிறந்தார். அந்நாளில் இத்தாலி என்பது ஒரு நாட்டின் பெயராக இருக்கவில்லை. மிலானும் அதைச் சூழ்ந்த லொம்பார்தி நிலப்பகுதியும் வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச மரபின் ஆட்சியில் இருந்தன. பார்மா நகரில் இயேசு சபையார் நடத்திய பள்ளியில் படித்து, 1758-இல் பவியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்ற அவர், 1761-இல் தந்தையின் விருப்பத்தை மீறித் தெரேசா பிளாஸ்கோவை மணந்தார். அக்காலத்தில்தான் பியெத்ரோ வெர்ரி, அலெஸ்ஸாந்த்ரோ வெர்ரி என்னும் சகோதரர்களின் நட்பு அவருக்கு வாய்த்தது. அவர்கள் கூடி விவாதித்த குழுவுக்குக் கைமுட்டிக் கழகம் என்று பெயர். வாதம் சூடேறிக் கைகலப்பில் முடியும் என்ற ஊர்ப்பேச்சையே தங்கள் பெயராக்கிக்கொண்ட இளைஞர்கள் அவர்கள். பொருளாதாரம், வரி, சட்டம், பயிர்த்தொழில் ஆகிய எதையும் மரபின் பெயரால் ஏற்காமல், அறிவின் உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்ற அறிவொளிக் காலத்தின் துணிவு அவர்களிடம் நிறைந்திருந்தது. அலெஸ்ஸாந்த்ரோ வெர்ரி கைதிகளின் பாதுகாவலர் என்ற பதவியை வகித்து, சிறைகளுக்குள் நேரில் சென்று வந்தவர். பியெத்ரோ வெர்ரி சித்திரவதையின் வரலாற்றை ஆராய்ந்துகொண்டிருந்தவர். எழுதுவதில் தயக்கமும் சோம்பலும் மிகுந்த பெக்காரியாவைத் தூண்டித் துரத்தி எழுதவைத்தவர்கள் இவ்விருவரே. குற்றங்களும் தண்டனைகளும் என்று பொருள்படும் தலைப்போடு அந்நூல் 1764-இல், அச்சுக் கெடுபிடி குறைந்த லிவோர்னோ துறைமுக நகரில், ஆசிரியர் பெயரே இல்லாமல் வெளிவந்தபோது பெக்காரியாவுக்கு வயது 26.

நூலின் வாதம் ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறது. ஓயாத சண்டையால் பயனற்றுப்போன சுதந்திரத்தைச் சுமந்து சலித்த மனிதர்கள், எஞ்சியதை அமைதியாக அனுபவிக்கும்பொருட்டு, தத்தம் சுதந்திரத்தில் ஒரு சிறு பங்கை விட்டுக்கொடுத்துச் சமூகமாகக் கூடினார்கள். இதனையே சமூக ஒப்பந்தம் என்பர். ஒவ்வொருவரும் விட்டுக்கொடுத்த அந்தச் சிறு பங்குகளின் கூட்டுத்தொகைதான் தண்டிக்கும் அதிகாரம். அந்தத் தொகைக்கு மேல் அரசு எடுத்துக்கொள்ளும் ஒவ்வொன்றும் கொடுங்கோன்மை. தன்னைக் கொல்லும் அதிகாரத்தைப் பிறர் கையில் எவரும் மனமறிந்து கொடுத்திருக்க முடியாது என்பதால், மரண தண்டனை ஓர் உரிமையின் விளைவாக இருக்க இயலாது. அது ஒரு குடிமகன்மீது முழு நாடும் தொடுக்கும் போர். நாடு தன் சுதந்திரத்தை இழக்கும் அல்லது மீட்கும் கொந்தளிப்பான காலத்தில், சிறையிலிருந்தே அரசைக் கவிழ்க்கும் வலிமையுள்ள ஒருவர் தொடர்பில் மட்டுமே அவர் இதற்கு விலக்கைக் கருதிப் பார்த்தார். சித்திரவதையைப் பற்றி அவர் சொன்னது இன்னும் கூர்மையானது: வலியைத் தாங்கும் உடலுள்ள கயவன் விடுதலை பெறுவான், தாங்க முடியாத நிரபராதி குற்றவாளி ஆவான், ஆகவே அது உண்மையைக் காணும் முறையே ஆகாது. குற்றங்களைத் தடுப்பது தண்டனையின் கொடுமை அன்று, அது தப்பாமல் வரும் என்ற உறுதியும் காலம் தாழ்த்தாமல் வரும் விரைவும்தான்; ஆதலால் தண்டனை குற்றத்தின் அளவுக்குத் தக்கதாகவும், சட்டத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டதாகவும், வெளிப்படையான விசாரணைக்குப் பின் வழங்கப்படுவதாகவும் இருக்க வேண்டும். இரகசியக் குற்றச்சாட்டுகளை ஏற்கும் ஆட்சி தன் குடிமக்களை ஒருவர்மீது ஒருவர் ஐயம் கொண்டு முகமூடி அணிந்து வாழப் பழக்கிவிடும் என்றும் அவர் எச்சரித்தார். இவை எல்லாம் இன்று பள்ளிப் பாடம்போல் தோன்றலாம். ஆனால் ஐரோப்பாவின் பெரும்பாலான நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரைச் சித்திரவதை செய்வது விசாரணையின் ஒரு படியாகவே இருந்த ஆண்டில் இவை எழுதப்பட்டன என்பதை மறந்துவிட்டால், அந்த இளைஞரின் துணிவு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. ஃபெர்டினாண்டோ ஃபக்கினேய் என்ற துறவி 1765-இல் ஒரு மறுப்பு நூல் வெளியிட்டு, ஆசிரியரை இத்தாலியரின் ரூசோ என்று தாக்கினார். சோசலிஸ்டுகள் என்ற சொல் அச்சில் முதன்முதலாகக் காணப்பட்ட இடங்களுள் அந்த மறுப்பும் ஒன்று. 1766 தொடக்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபை அந்நூலைத் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதற்குள் மோர்லே என்ற பிரெஞ்சு அறிஞர் அதை மொழிபெயர்த்துப் பாரிசில் பரப்பிவிட்டார். 1766-இல் வால்டேர் விரிவான உரை ஒன்றை எழுதிச் சேர்த்தார். 1767-இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அட்லாண்டிக்கைக் கடந்த கப்பல்களில் பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் சென்றது பெரும்பாலும் இந்த ஆங்கில நூலே. அதைக் கையில் எடுத்த குடியேற்றத்து வழக்கறிஞர்களுக்குக் கொடுந்தண்டனை என்பது ஏட்டில் படித்த செய்தியாக இருக்கவில்லை. ஆங்கிலச் சட்ட நூலாசிரியர் பிளாக்ஸ்டன் 1769-இல் வெளியிட்ட தம் நான்காம் தொகுதியில், இங்கிலாந்தில் 160 குற்றங்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்ததை வருத்தத்தோடு எண்ணிக் காட்டி, பெக்காரியாவையும் துணைக்கு அழைத்திருந்தார். அந்தச் சட்டத்தின் நிழல் குடியேற்றங்கள்மீதும் விழுந்திருந்தது. குதிரைத் திருட்டுக்கும் வீடு புகுந்து திருடுவதற்கும் அங்கேயும் தூக்குமரம் காத்திருந்தது.

பெக்காரியாவின் பெயர் அமெரிக்கப் பொதுவாழ்வில் முதன்முதலாக ஓங்கி ஒலித்த இடம் பாஸ்டன் நீதிமன்றம். 1770 மார்ச் 5 இரவில் பிரிட்டிஷ் படைவீரர்கள் கூட்டத்தின்மீது சுட்டதில் ஐவர் இறந்தனர். பாஸ்டன் படுகொலை என்று வரலாறு அதைக் குறிக்கிறது. ஊரே வீரர்களின் உயிரைக் கேட்டுக் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், குடியேற்ற உரிமைகளுக்காகப் போராடிய ஜான் ஆடம்ஸ் அவர்களுக்காக வழக்காட முன்வந்தார். அந்த ஆண்டு ஜூன் மாதத்திலேயே தம் நாட்குறிப்பில் பெக்காரியாவின் ஒரு வாக்கியத்தைப் பதிந்துவைத்திருந்த அவர், டிசம்பர் தொடக்கத்தில் ஜூரியின் முன் பேச எழுந்தபோது, தம் பேச்சின் தொடக்கத்திலேயே அந்த வாக்கியத்தை எடுத்துரைத்தார். ஓர் உயிரைக் காக்கும் கருவியாகத் தான் அமைந்தால், அந்த உயிரின் வாழ்த்தும் ஆனந்தக் கண்ணீருமே மனித குலம் முழுவதும் காட்டும் வெறுப்புக்கு ஈடாகத் தனக்குப் போதும் என்பது அதன் பொருள். கூடியிருந்தோர்மீதும் ஜூரிமீதும் அச்சொற்கள் மின்சாரம்போல் பாய்ந்ததாக நேரில் கேட்டவர்கள் பலகாலம் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். எட்டு வீரர்களில் அறுவர் விடுதலை பெற்றனர். கொலை நோக்கமின்றி மரணம் விளைவித்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்ட இருவரும், மதகுருமார்க்கு உரியதாகத் தொடங்கிப் பின்னர் முதல்முறை குற்றம் செய்தோர் அனைவர்க்கும் நீண்ட ஒரு பழஞ்சலுகையால், கட்டை விரலில் சூடு போடப்பட்டுத் தூக்கிலிருந்து தப்பினர். பகைவனுக்கும் முறையான விசாரணை உண்டு என்ற கொள்கையைப் புரட்சி தொடங்குவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, தன் மக்களின் சினத்துக்கு எதிராகவே நிலைநாட்டிய அந்த வழக்கு, விடுதலை கோரியவர்களின் நேர்மைக்கு வைக்கப்பட்ட கடுமையான சோதனை. பெக்காரியா அங்கே நீதிமன்றத்தின் வாசலிலேயே நின்றார் என்பது பெருமைக்குரிய செய்தி.

நான்காண்டுகள் கழித்து அதே பெயர் ஓர் அரசியல் ஆவணத்தில் ஏறியது. பதின்மூன்று குடியேற்றங்களில் பன்னிரண்டின் பேராளர்கள் 1774-இல் பிலடெல்பியாவில் கூட்டிய கான்டினென்டல் காங்கிரஸ், அண்டையிலிருந்த கியூபெக் மாநிலத்தின் பிரெஞ்சு மொழி மக்களைத் தம் பக்கம் அழைக்க விரும்பி, அவ்வாண்டு அக்டோபர் 26-இல் ஒரு திறந்த மடலுக்கு ஒப்புதல் அளித்தது. தாமஸ் குஷிங், ரிச்சர்ட் ஹென்றி லீ, ஜான் டிக்கின்சன் ஆகியோர் அடங்கிய குழு அதை ஆயத்தம் செய்தது. பிலடெல்பியாவில் இருந்த பிரெஞ்சு அச்சகர் ஃப்ளூரி மெஸ்ப்ளே அதன் பிரெஞ்சு வடிவத்தை அச்சிட்டார். மக்களின் உரிமைகளை விளக்கத் தொடங்கும் இடத்தில், புகழ்பெற்ற மார்க்விஸ் பெக்காரியா சொல்வதாகப் பெயர் குறிப்பிட்டே அம்மடல் அவர் நூலின் முன்னுரைக் கருத்தை எடுத்தாள்கிறது. எந்த மனித சமூகத்திலும் ஒரு பகுதியினரை அதிகாரத்தின், இன்பத்தின் உச்சிக்கு ஏற்றவும், மறு பகுதியினரை வலுவின்மையின், துயரத்தின் ஆழத்துக்குத் தள்ளவும் இடைவிடாத ஒரு முயற்சி நடந்துகொண்டே இருக்கிறது; நல்ல சட்டங்களின் நோக்கம் அம்முயற்சியை எதிர்த்து நின்று, நன்மையை எல்லோர்க்கும் சமமாகப் பரப்புவதே. கியூபெக் மக்கள் அந்த அழைப்பை ஏற்கவில்லை என்பது வேறு செய்தி. குற்றவியல் சீர்திருத்த நூலாகப் பிறந்த ஒன்று, பத்தே ஆண்டுகளில், ஒரு மக்கள் தம் அரசியல் உரிமையை நியாயப்படுத்தும் வாய்மொழியாக மாறிவிட்டது என்பதுதான் இங்கே நின்று நோக்கத்தக்கது.

அதே முன்னுரையில், பெரும்பான்மையோர்க்குப் பகிர்ந்தளிக்கப்படும் பேரின்பமே சட்டங்களை அளக்கும் கோல் என்ற கருத்தும் இருந்தது. 1767-இன் ஆங்கில மொழிபெயர்ப்பு அதை மிகப் பலரின் மிகப் பெரிய இன்பம் என்று சற்றே மாற்றிச் சொல்ல, பின்னாளில் ஜெரமி பென்தம் அதைப் பயன்வழிக் கோட்பாட்டின் கொடியாக உயர்த்தினார். இதைக் கண்ட சிலர், 1776-இன் விடுதலைப் பிரகடனத்தில் ஜெஃபர்சன் வாழ்வு, சுதந்திரம் ஆகியவற்றோடு இன்பத்தை நாடும் உரிமையையும் சேர்த்தது பெக்காரியாவிடமிருந்தே வந்தது என்று முடிவு கட்டுகின்றனர். இது மிகையான முடிவு. லாக்கும், ஸ்விட்சர்லாந்தின் பூர்லமாக்கியும், அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஜார்ஜ் மேசன் எழுதிய வர்ஜீனிய உரிமைப் பிரகடனமும் ஜெஃபர்சனின் கண்முன் இருந்தன. அச்சொல் அக்காலத்தின் காற்றிலேயே கலந்திருந்தது. பெக்காரியாவின் கடனை ஒரு சொற்றொடரில் தேடுவது அவர் பணியைச் சிறிதாக்குவதாகும். அவருடைய செல்வாக்கைச் சட்ட வரைவுகளின் பக்கங்களில்தான் தேட வேண்டும்.

அந்தப் பக்கங்களில் முதன்மையானவை ஜெஃபர்சனின் கையெழுத்தில் உள்ளன. சட்டம் தொடர்பாக அவர் எழுதிவைத்த குறிப்பேட்டில் பெக்காரியாவின் நூலிலிருந்து 26 பகுதிகளை, மொழிபெயர்ப்பைத் தவிர்த்து, இத்தாலிய மூலத்திலேயே படியெடுத்திருக்கிறார். அவற்றுள் ஒன்று ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்யும் சட்டங்கள் குற்ற மனம் இல்லாதவர்களின் கையிலிருந்து மட்டுமே ஆயுதத்தைப் பறிக்கும் என்ற பகுதி. இன்று அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை பற்றிய சச்சரவுகளில் அது ஜெஃபர்சனின் சொல்லாகவே பரப்பப்படுகிறது. அது அவர் படியெடுத்தது மட்டுமே, எழுதியவர் மிலான்காரர்.

விடுதலைப் பிரகடனத்துக்குப் பின் ஜெஃபர்சன் கான்டினென்டல் காங்கிரசை விட்டு வர்ஜீனியாவுக்குத் திரும்பியதற்கு ஒரு காரணம், அரசரின் சட்டங்களைக் களைந்து குடியரசுக்குரிய சட்டங்களை எழுத வேண்டும் என்ற வேட்கை. 1776-இல் அமைக்கப்பட்ட சட்டத் திருத்தக் குழுவில் ஐவர் இருந்தனர். ஜார்ஜ் மேசன் விலகிக்கொள்ள, தாமஸ் லட்வெல் லீ இறந்துபோக, ஜெஃபர்சனும் ஜார்ஜ் வித்தும் எட்மண்ட் பெண்டில்டனும் எஞ்சிப் பணியை முடித்து, 1779-இல் 126 மசோதாக்களை முன்வைத்தனர். அவற்றுள் 64-ஆவது, அதுவரை மரண தண்டனைக்குரியவையாக இருந்த குற்றங்களுக்கு அளவறிந்து தண்டனை வகுக்கும் மசோதா. குற்றவாளியும் சமூகத்தின் உறுப்பினனே, அவனை அழிப்பது இறுதியான, துயரமான வழி, திருத்துவதற்கே முதலிடம் என்ற அதன் முன்னுரையின் ஒவ்வொரு வரியிலும் பெக்காரியாவின் மூச்சு தெரிகிறது. அடிக்குறிப்புகளில் அவர் பெயரும் வெளிப்படையாகவே வருகிறது. மரண தண்டனை அதில் ராஜத்துரோகத்துக்கும் கொலைக்கும் மட்டும் எஞ்சியது. மற்றவற்றுக்குப் பொதுப்பணிகளில் கடின உழைப்பு.

ஆனால் அதே மசோதாவின் உள்ளே வேறொரு குரலும் கேட்கிறது. நஞ்சூட்டிக் கொன்றவனுக்கு நஞ்சே தண்டனை, பிறர் உறுப்பைச் சிதைத்தவனுக்கு அதே உறுப்புச் சிதைவு, வன்புணர்ச்சி முதலியவற்றுக்கு ஆண்மை நீக்கம் என்று கண்ணுக்குக் கண் என்னும் பழங்காலப் பழிவாங்கல் அதில் புகுந்துவிட்டது. அந்த அருவருப்பான கொள்கைக்குத் தாங்கள் எப்படி இசைந்தோம் என்பது நினைவில்லை என்று ஜெஃபர்சன் 1821-இல் தம் வாழ்க்கை வரலாற்றில் வருந்தினார். அவர் வருந்தாத இன்னொரு விதியும் அதில் உண்டு: சுதந்திர மனிதர்க்குக் கடின உழைப்பு விதிக்கப்படும் குற்றங்களை அடிமைகள் செய்தால், அவர்கள் மேற்கிந்தியத் தீவுகளுக்கோ தென் அமெரிக்காவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ கப்பலேற்றப்பட்டு, அங்கேயும் அடிமைகளாகவே வைக்கப்பட வேண்டும். ஒருவரும் விட்டுக்கொடுக்காத சுதந்திரத்தை அரசு எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற கணக்கைப் பயின்ற கையே, சுதந்திரம் முழுவதும் பறிக்கப்பட்டவர்களை அந்தக் கணக்கின் வெளியே நிறுத்தியது. பெக்காரியாவின் வாதத்தில் அதற்கு இடமே இல்லை. பிரபுக்களுக்கும் கடைக்கோடிக் குடிமகனுக்கும் ஒரே தண்டனை என்பது அவர் நூலின் தலையாய கோரிக்கைகளில் ஒன்று.

ஜெஃபர்சன் தூதராகப் பாரிசில் இருந்த ஆண்டுகளில் ஜேம்ஸ் மாடிசன் அம்மசோதாவை வர்ஜீனியச் சட்டமன்றத்தில் போராடி நடத்திச் சென்றார். ஒரே ஒரு வாக்கில் அது தோற்றது. குதிரைத் திருடர்கள்மீது மக்கள் கொண்டிருந்த ஆத்திரமே தோல்விக்குப் பெருங்காரணம் என்றும், பழைய இரத்தச் சட்டம் முழுமையாகத் திரும்பிவிட்டது என்றும் மாடிசன் 1787 பிப்ரவரியில் பாரிசுக்கு எழுதினார். பயிருக்கும் பயணத்துக்கும் குதிரையையே நம்பியிருந்த நாட்டில், அதைத் திருடியவனைத் தூக்கிலிடாமல் விடுவதா என்ற சினத்தின்முன் தத்துவம் நிற்க முடியவில்லை.

வர்ஜீனியா தடுமாறிய இடத்தில் பென்சில்வேனியா முந்திக்கொண்டது. அந்த மண் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. குவேக்கர் என்னும் சமாதான சமயப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் பென் 1682-இல் இயற்றிய சட்டம் திட்டமிட்ட கொலைக்கு மட்டுமே மரண தண்டனை விதித்தது. 1718-இல்தான் ஆங்கிலேயக் கொடுஞ்சட்டம் அங்கே புகுந்தது. பெக்காரியாவின் நூல் 1777-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரிலும், 1778-இல் பிலடெல்பியாவிலும் அமெரிக்கப் பதிப்புகளாக வெளிவந்தது. பிலடெல்பியாப் பதிப்பை வெளியிட்ட ராபர்ட் பெல் என்பவரே, இரண்டாண்டுகளுக்கு முன் தாமஸ் பெயினின் பொது அறிவு என்ற புகழ்பெற்ற விடுதலை நூலின் முதல் பதிப்பை அச்சிட்டவர். அரசரைத் துறக்கச் சொன்ன நூலும் தூக்குமரத்தைத் துறக்கச் சொன்ன நூலும் ஒரே அச்சகரின் கைவழியே மக்களைச் சென்றடைந்தன. 1776-இல் இயற்றப்பட்ட பென்சில்வேனிய அரசியல் சாசனமோ, குற்றவியல் சட்டங்களைத் திருத்தி, தண்டனைகளைக் குருதி குறைந்தவையாகவும் குற்றத்துக்குத் தக்கவையாகவும் ஆக்கச் சட்டமன்றத்துக்கு வெளிப்படையாகக் கட்டளையிட்டது.

இந்தப் பரவலுக்கு ஒரு நேரடிச் சாட்சியும் கிடைத்திருக்கிறது. வெர்ரி சகோதரர்களின் சகோதரி மகனான லூயிஜி கஸ்திலியோனி என்ற தாவரவியல் ஆர்வலர் 1785 முதல் 1787 வரை அமெரிக்காவில் பயணம் செய்தார். வில்லியம் பிராட்ஃபோர்ட் என்ற பென்சில்வேனிய வழக்கறிஞர் 1786 ஆகஸ்டில் அவருக்கு ஒரு கடிதத்தோடு பெக்காரியா நூலின் அமெரிக்கப் பதிப்பு ஒன்றைப் பரிசாக அளித்தார். புரட்சிக்கு நெடுநாள் முன்பே அந்நூல் பென்சில்வேனியாவின் படித்த மக்களிடையே பழகிப்போயிருந்தது என்றும், தம் தண்டனைச் சட்டத்தில் அப்போது நிகழ்ந்துகொண்டிருந்த மாற்றத்தின் பெருமை முதன்மையாக அந்நூலுக்கே உரியது என்றும் அக்கடிதம் கூறியது. கைமுட்டிக் கழகத்தின் விவாதங்களில் கருவான நூல், இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், அக்கழகத்தாரின் குடும்பத்து இளைஞர் கையிலேயே அயல்நாட்டுப் பதிப்பாகத் திரும்பி வந்து சேர்ந்தது.

மாற்றம் நேர்கோட்டில் நடக்கவில்லை. 1786 செப்டம்பரில் பென்சில்வேனியா, வழிப்பறி, கன்னமிடுதல் முதலியவற்றுக்குத் தூக்கை நீக்கி, தெருக்களில் பலர் காணச் செய்யும் கடின உழைப்பை விதித்தது. அடையாள உடையும் மழித்த தலையுமாகத் தள்ளுவண்டி தள்ளிச் சென்ற அக்கைதிகளைச் சுற்றிக் கூட்டம் கூடியது. சண்டையும் தப்பியோடலும் மலிந்தன. இங்கே பெக்காரியாவின் வழி ஒரு முட்டுச்சந்தில் நின்றது என்று சொல்வதே நேர்மை. நொடியில் முடியும் தூக்கைவிட, ஆயுள் முழுதும் உழைத்துக் கிடக்கும் ஒருவனின் காட்சியே மக்களின் மனத்தில் நிலைத்து நின்று குற்றத்தைத் தடுக்கும் என்பது அவர் கணிப்பு. விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட மருத்துவர் பெஞ்சமின் ரஷ், 1787 மார்ச் 9-இல் பிராங்க்ளினின் இல்லத்தில் வாசித்த கட்டுரையில், பொது இடத்துத் தண்டனை கைதியின் வெட்கத்தைக் கொன்று, பார்ப்போரின் இரக்கத்தையும் மரத்துப்போகச் செய்கிறது என்று வாதிட்டார். அவ்வாண்டு மே மாதத்தில் சிறைத் துயர் தணிக்கும் சங்கம் ஒன்று பிலடெல்பியாவில் தோன்றியது. 1790-இல் வால்நட் தெருச் சிறையில் தனிமை அறைகள் கட்டப்பட்டன. தண்டனை தெருவிலிருந்து மதிலுக்குள் போனது. மதிலுக்குள் நிகழ்ந்த தனிமையின் கொடுமை தனி வரலாறு.

பிராட்ஃபோர்ட் 1793-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, பென்சில்வேனியாவில் மரண தண்டனை எவ்வளவு தேவை என்ற கேள்வியைப் பெக்காரியாவின் அளவுகோலால் அளந்தது. பெக்காரியாவின் கொள்கைகள் பரவியபோது அவற்றை ஏற்க ஆயத்தமான நிலத்தை இங்கே கண்டன என்று அவர் அதில் எழுதினார். அதன் விளைவாக 1794 ஏப்ரல் 22-இல் நிறைவேறிய சட்டம், கொலையை இரு நிலைகளாகப் பிரித்து, முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்த முதல் நிலைக் கொலைக்கு மட்டும் மரண தண்டனையைத் தக்கவைத்தது. அமெரிக்க மாநிலங்கள் பலவும் பிற்காலத்தில் பின்பற்றிய பாகுபாடு அது. அதே ஆண்டு நவம்பர் 28-இல் பெக்காரியா மிலானில் மறைந்தார். 1796-இல் வர்ஜீனியாவும் அவ்வழியைப் பின்பற்றியது. ஆனால் அதன் சட்டம் சுதந்திர மனிதர் செய்யும் குற்றங்கள் என்று சொல்லளவிலேயே வேலி போட்டது. அடிமைகளுக்குத் தூக்குமரம் அப்படியே நின்றது.

கூட்டாட்சி அரசியல் சாசனத்தின் எட்டாம் திருத்தம் கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனைகளைத் தடைசெய்கிறது. அதன் சொற்கள் 1689-இன் ஆங்கில உரிமைச் சட்டத்திலிருந்து வர்ஜீனியப் பிரகடனம் வழியாக வந்தவை. ஆகவே அதைப் பெக்காரியாவின் படைப்பு என்று உரிமை கொண்டாட இயலாது. எனினும் அச்சொற்களுக்கு எவ்வளவு பொருள் ஏற்றுவது என்ற சச்சரவு அவர் எழுப்பிய சச்சரவே. 1789-இல் அத்திருத்தம் விவாதிக்கப்பட்டபோது நியூ ஹாம்ப்ஷயரின் சாமுவேல் லிவர்மோர், தூக்கிலிடுவதும் சில வேளை தேவை, கயவர்கள் கசையடிக்கும் காதறுப்புக்கும் தகுதியானவர்களே, இவை கொடியவை என்பதற்காக இனிமேல் செய்யவே கூடாதா என்று கேட்டார். அத்திருத்தம் நடைமுறைக்கு வருமுன்பே, 1790-இன் கூட்டாட்சிக் குற்றச் சட்டம் அரசுப் பத்திரங்களைப் போலியாகத் தயாரிப்பவர்க்கும் தூக்கை விதித்தது.

பெக்காரியாவின் இந்த அமெரிக்கக் கிளை ஒன்று இந்தியாவரை நீண்டது. எட்வர்ட் லிவிங்ஸ்டன் 1820-களில் லூசியானா மாநிலத்துக்காக மரண தண்டனையே இல்லாத ஒரு தண்டனைச் சட்ட வரைவை ஆக்கினார். அம்மாநிலம் அதை ஏற்கவில்லை. ஆனால் 1837-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தை வரைந்த மெக்காலேயின் குழு, தமக்குத் துணைநின்ற நூல்களுள் அந்த வரைவையும் குறிப்பிட்டு, கொலைக்கும் அரசுக்கு எதிரான பெருங்குற்றத்துக்கும் மட்டுமே மரண தண்டனையைப் பரிந்துரைத்தது. ஜெஃபர்சனின் 64-ஆவது மசோதா மரண தண்டனையைத் தக்கவைத்ததும் அதே இரண்டு குற்றங்களுக்குத்தான்.

தூக்குக்கு மாற்றாகப் பெக்காரியா முன்வைத்த கடின உழைப்பை அவரே தம் நூலில் ஆயுள் அடிமைத்தனம் என்று பெயரிட்டு அழைத்தார். ஐரோப்பிய வாசகருக்கு அது ஓர் உவமைபோல் ஒலித்திருக்கலாம். அடிமைச் சந்தைகள் இயங்கிய நாட்டில் அச்சொல்லுக்குச் சதையும் குருதியும் இருந்தன. 1784-இல் மேற்கு நிலப்பகுதிகளுக்கான ஆட்சித் திட்டத்தை வரைந்தபோது ஜெஃபர்சன், 1800-க்குப் பின் அங்கே அடிமைமுறை கூடாது என்று எழுதி, குற்றத்துக்கான தண்டனையாக அன்றி என்று ஒரு விலக்கையும் சேர்த்தார். அந்த அடிமை ஒழிப்பு விதி அவ்வாண்டு தோற்றது. 1787-இன் வடமேற்கு நிலப்பகுதிச் சட்டத்தில் விலக்கோடு சேர்ந்து மீண்டும் இடம்பெற்றது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1865-இல், நாடு முழுவதும் அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்துக்குள்ளும் அதே விலக்கு நுழைந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் தென் மாநிலங்கள், அற்பக் குற்றங்களுக்காகப் பிடிக்கப்பட்ட கறுப்பின மக்களைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் இருப்புப் பாதைப் பணிகளுக்கும் கைதிகளாக வாடகைக்கு விட்டது, அந்த விலக்கின் வாயில் வழியாகத்தான்.

பிலடெல்பியாவில் குடியேற விரும்பி 1782-இல் பிராங்க்ளினுக்குக் கடிதம் எழுதிய நேப்பிள்ஸ் நகரத்துச் சட்ட அறிஞர் கெயத்தானோ ஃபிலாஞ்சியேரியின் வரலாறு அடுத்த பகுதியில் தொடரும்.